எழுத்துள்ள நோட்டுக்கு இடமில்லை

இதனால் உலகோர் அனைவருக்கும், குறிப்பாக எங்கள் தெருவாசிகளுக்கும் அறிவிக்கப்பட்டது என்னவென்றால்: அன்று மாலை நான்கு மணி முதல், பி.வி.சி. என்று சொல்லப்படும் வழவழப்பான பிளாஸ்டிக், காகிதப் பணச் சேகரிப்பாளர் பேரவையின் உறுப்பினர் வீடுகளுக்குள் எந்த உருவத்திலும் நுழையக் கூடாது. மீறுவோர் மீது பேரவை தனது ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிக்கும்.

மனித குலம் செய்தியை நிதானமாக ஏற்றுக்கொண்டது. பஸ்கள் வழக்கம்போல் தாமதமாக ஓடின.

பத்தொன்பது வருடங்களுக்கு முன், சைக்கிள் கடை மாடியில், பலத்த கைதட்டலுக்கு நடுவே நிறைவேறிய தீர்மானம் அது. கைதட்டியவர்கள் பதினோரு பேர். பேரவையின் மொத்த உறுப்பினர்களே அவ்வளவுதான். அதில் ஒன்பது பேர் பொறுப்பாளர்கள்; மீதி இரண்டு பேர் பொறுப்பு கேட்டு மனு கொடுத்திருந்தார்கள். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் தலைவர். தலைவர் என் அக்காவின் கணவர்.

நான் உறுப்பினர் இல்லை. ஜெராக்ஸும் லேமினேஷனும் போடும் கடைக்காரனைப் பேரவையில் சேர்ப்பது கோழிப்பண்ணைச் சங்கத்தில் நரியைச் சேர்ப்பதற்குச் சமம் என்று துணைத்தலைவர் சொல்லிவிட்டார். யாரோ கொண்டுவந்த பழைய நோட்டு ஒன்றை, கேட்டார்களே என்று லேமினேட் செய்து கொடுத்த பாவம் என் தலையில் இருந்தது. அன்று முதல் பேரவையில் என் பெயரே 'லேமினேஷன்'. ஆனாலும் தீர்மானங்களை ஓசியில் நகலெடுத்துக் கொடுப்பவன் என்பதால் கடைசி பெஞ்சில் ஓர் இடமும் ஒரு டீயும் எனக்கு உண்டு.

அத்தான் அன்று பேசியது இன்னும் காதில் இருக்கிறது. "நண்பர்களே! திருடனால போற நோட்டை விட, கவரால போற நோட்டுதான் அதிகம். மெத்துமெத்துன்னு, பளபளன்னு இருக்குற கவரைப் பாத்து மயங்காதீங்க. அதை வளைய வைக்கிறதுக்கு உள்ள ஓர் எண்ணெய் கலந்திருக்கான். வருஷம் போகப்போக அந்த எண்ணெய் வெளிய கசியும். நோட்டு பிசுபிசுக்கும், ஒட்டும், மை கரையும். மோந்து பாருங்க. புது ரெயின்கோட் வாசனை வந்தா, அது எமன்!"

அடுத்த ஆறு மாதம் எங்கள் ஊர் ஸ்டேஷனரி கடைக்காரர்கள் பட்ட பாடு. நடுவயதைத் தாண்டிய பதினோரு ஆண்கள், வேட்டை நாய்களைப் போல, ஆல்பம் ஆல்பமாக மூக்கை விட்டு முகர்ந்துகொண்டு திரிந்தார்கள். செம்புக் கம்பியைச் சுட வைத்து, பிளாஸ்டிக்கில் தேய்த்து, மறுபடி நெருப்பில் காட்டினால் பச்சைச் சுடர் வரும், வந்தால் அது பி.வி.சி. என்று அத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். துணைத்தலைவர் அதை வீட்டு வரவேற்பறையில் செய்து பார்த்தார். சுடர் பச்சையாக வந்தது. பிறகு ஜன்னல் திரைச்சீலையிலிருந்து மஞ்சளாகவும் வந்தது.

சரியான உறை எது என்பதில் அத்தானுக்குச் சந்தேகமே இல்லை. பாலியஸ்டர். கண்ணாடி மாதிரி தெளிவாக, விறைப்பாக, கையில் எடுத்தால் சரசரவென்று பேசும். நோட்டை விட ஒரு விரல்நகம் அகலம் கூடுதலாக இருக்க வேண்டும், மடிக்கவே கூடாது. டேப், ஸ்டேப்ளர் ஊசி, ரப்பர் பேண்ட் மூன்றும் ஆகாது. ஆல்பம் நிமிர்ந்து நிற்க வேண்டும். இரும்பு பீரோவில், அடுப்படிக்கும் குளியலறைக்கும் எதிர்ப்பக்கமாக, குளுமையாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட உறைகள் நூறு கொண்ட பெட்டி ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். பெட்டி வந்த நாளில் என் கடை டேபிளைத் துடைக்கச் சொல்லி, கையைக் கழுவச் சொல்லி, பிறகுதான் திறந்தார். நான் பார்த்த வரையில் என் அக்கா மகள் பிறந்தபோதுகூட அவர் அவ்வளவு கவனமாகக் கை கழுவவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா கேட்டாள், "என்னங்க, அதுல ஒண்ணு எனக்குக் குடுங்களேன். என் நோட்டுக்கு."

அந்த நோட்டின் கதை ஊருக்கே தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா பேங்கில் கேஷியர். அத்தான் தினமும் கவுண்டருக்கு வந்து, பெரிய நோட்டைக் கொடுத்துச் சின்ன நோட்டாக மாற்றி, ஓரமாக நின்று ஒவ்வொன்றின் நம்பரையும் பார்த்துவிட்டு, மறுநாள் அதையே திருப்பிக் கொண்டுவருவார். "புதுக் கட்டு பிரிச்சாச்சா மேடம்?" இதைத் தவிர வேறு பேச்சுக் கிடையாது. இரண்டு மாதம் பார்த்தாள் அக்கா. ஒருநாள் டிராக்டர் படம் போட்ட சின்ன நோட்டு ஒன்றின் வெள்ளைப் பகுதியில் நீல பால்பாயின்ட் பேனாவால் எழுதி, கட்டோடு சேர்த்துத் தள்ளிவிட்டாள்:

'இனிமே கவுண்டருக்கு வராதீங்க. மேனேஜர் திட்டுறார். அஞ்சு மணிக்கு பஸ் ஸ்டாப்புல நிப்பேன்.'

அஞ்சு மணிக்கு நின்றாள். ஆறு மணிக்கும் நின்றாள். அத்தான் வரவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு முதல் ஆளாகக் கவுண்டரில் நின்றார்.

"மேடம், இதுல யாரோ கிறுக்கி வச்சிருக்காங்க. வேற நல்ல நோட்டா குடுங்க."

"படிச்சீங்களா?"

"எதுக்குப் படிக்கணும்? எழுத்து இருந்தாலே அது வேஸ்ட் மேடம்."

பின்னால் வரிசையில் நின்ற லாரி டிரைவர் நோட்டை வாங்கி, கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து, பேங்கே கேட்கும்படி படித்தார். "சார், அஞ்சு மணிக்கு பஸ் ஸ்டாப்புக்கு வரச் சொல்லுது பொண்ணு. நீங்க போகலேன்னா சொல்லிடுங்க, நான் வண்டிய அந்தப் பக்கமா விடுறேன்."

ஆறு மாதத்தில் கல்யாணம். அந்த நோட்டுக்குப் பதிலாகத் தன் காசை பேங்க் பெட்டியில் போட்டுவிட்டு அக்கா அதை எடுத்துக்கொண்டாள். வருடா வருடம் பேரவைக் கூட்டத்தில் டீ கொடுக்கும்போது இந்தக் கதையைச் சொல்வாள். லாரி டிரைவர் குரலில் கடைசி வரியைச் சொல்லும்போது பதினோரு பேரும் சிரிப்பார்கள். தலைவரும் சிரிப்பார், காது மடல் சிவக்க.

அவ்வளவு வருடமும் நோட்டு அவளுடைய பழைய டைரி ஒன்றில், இரண்டு வெறும் தாள்களுக்கு நடுவே, சௌக்கியமாக இருந்தது. பேரவையின் தீர்மானத்தைக் கேட்ட பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. 'பத்திரமா வைக்கணும்' என்று தோன்றிவிட்டது. அதனால்தான் உறை கேட்டாள்.

அத்தான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தீர்ப்புச் சொல்லும்போது அப்படித்தான் செய்வார். "விதி நாலு என்ன சொல்லுது? எழுத்துள்ள நோட்டு, கறைபட்ட நோட்டு, ஆல்பத்துல வராது. இந்த உறை ஆல்பத்துக்கு வந்தது. தலைவர் வீட்டுலயே விதிய மீறினா நாளைக்கு ஊர்ல எவன் மதிப்பான்?"

"நூறு இருக்கே."

"இனிமே வரப்போற நோட்டுக்கு வேணும்ல?"

அக்கா சண்டை போடவில்லை. நேராக என் கடைக்கு வந்தாள். "டேய் தம்பி, உங்க அத்தான் உறையெல்லாம் ராஜ வம்சத்துக்காம். எனக்கு ஏதாவது கவர் குடு."

பஸ் பாஸ் போடும் உறை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மெத்துமெத்தென்று, பளபளவென்று, அடியில் என் கடைப் பெயர் அச்சடித்து இருக்கும். நோட்டுக்குக் கொஞ்சம் சின்னது. எழுத்து வெளியே தெரிகிற மாதிரி ஒரு மடிப்பு மடித்து உள்ளே தள்ளினாள்.

"இது கெடுக்காதேடா?"

"நூறு வருஷம் தாங்கும்க்கா."

எனக்குத் தெரியாமல் இல்லை. ஜெராக்ஸ் தாளை அந்த மாதிரி கவரில் வருடக்கணக்கில் வைத்தால் எழுத்து தாளை விட்டுவிட்டு பிளாஸ்டிக்கோடு வரும். சர்டிபிகேட் நகலை உருவிக்கொண்டு வந்து, "என்னங்க இது, என் மார்க்கெல்லாம் கவர்ல ஒட்டியிருக்கு" என்று எத்தனை பேர் என்னிடம் அலறியிருக்கிறார்கள். ஆனால் தலைவரைக் கிண்டல் செய்வதற்காகவே அவர் சொல்வது எதையும் நம்பக்கூடாது என்று நான் முடிவு செய்திருந்த காலம் அது. அக்காவும் நானும் சேர்ந்து சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காகவே கொடுத்தேன் என்றும் சொல்லலாம்.

மறுநாளே அத்தான் கண்டுபிடித்துவிட்டார், மூக்கால். பீரோ இருந்த அறையில் ரெயின்கோட் வாசனை வருகிறதென்று தேடி, அக்காவின் கைப்பையிலிருந்து அந்த உறையை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கினார். "இது இந்த ரூம்ல இருக்கக் கூடாது. இதோட ஆவி பட்டா என் நோட்டுக்கு ஆகாது. வேற எங்கயாவது வை. அடுப்படில வை."

அக்கா அடுப்படியில் வைத்தாள். அடுப்புக்கு மேல் அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால். பத்தொன்பது வருடம்.

போன வருடம் அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். இரண்டாவது வாரம் நர்ஸிடம் கதையைச் சொல்லியிருக்கிறாள், லாரி டிரைவர் குரல் உட்பட. நர்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். "அம்மா, அந்த நோட்டை நான் பாக்கணுமே!"

"நாளைக்குக் கொண்டு வரச் சொல்றேன்" என்று அக்கா அத்தானைப் பார்த்தாள்.

"கொண்டாரேன்" என்றார்.

வீட்டுக்குப் போய் பீரோவில் தேடினார். ஆல்பங்களைத் தேடினார். டைரியைத் தேடினார். அடுப்படிக்கு அனுப்பியது தானே என்பது அவருக்கு ஞாபகமே இல்லை. எங்கே என்று அவளிடமே கேட்கக் கூச்சம். மறுநாள் வெறுங்கையோடு போய், "நாளைக்கு" என்றார். அதற்கு மறுநாளும் அதுவே. அக்கா கடைசியாக அவரிடம் கேட்டது, "கிடைச்சுதா?" என்பதுதான். அதற்குப் பிறகு மூன்றாவது வாரம், வாயில் குழாய்.

அக்கா போய் எட்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை மதியம், கடையில் கூட்டம் நெரிகிற நேரத்தில் போன் வந்தது.

"மாப்ள, உனக்கு பிளாஸ்டிக்கப் பிரிக்கத் தெரியும்ல?"

முப்பத்தொரு வருடத்தில் அவர் என் தொழிலைப் பற்றி மரியாதையாகக் கேட்ட முதல் கேள்வி அது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனேன்.

சாப்பாட்டு மேஜை மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தார். டேபிள் விளக்கு, பருத்திக் கையுறை, முனை மழுங்கிய இடுக்கி. ஓரத்தில் அந்த உறைப் பெட்டி திறந்திருந்தது. முதல் ஆல்பத்தின் முதல் பக்கமும் திறந்திருந்தது. அதில் இருந்த நோட்டை, அவருடைய சேகரிப்பிலேயே உயர்ந்த நோட்டை, கடைசிப் பக்கத்துக்கு மாற்றியிருந்தார். முதல் பக்கம் காலி.

"சர்க்கரை தேடினேன். டப்பா பின்னாடி இருந்துச்சு." காலிப் பக்கத்தைக் காட்டினார். "ஞாயித்துக்கிழமை கூட்டம். முதல் பக்கத்துல இதை வச்சுக் காட்டணும். விதி நாலை எடுத்துடப் போறேன். தீர்மானம்கூட எழுதிட்டேன்."

துணியின் நடுவில் என் கடை உறை கிடந்தது. சுருங்கி, மஞ்சளாகி, மேலெல்லாம் எண்ணெய் வியர்த்து. அதற்குள் மடித்த நோட்டு ஒட்டிப்போய், ஈரச் சட்டை முதுகில் ஒட்டுவதுபோல. நீலமாக ஏதோ தெரிந்தது. எழுத்தா, கறையா என்று சொல்ல முடியவில்லை.

"உறை எங்க வாங்கினாளோ" என்று நான் ஆரம்பித்தேன். ஏன் அப்படி ஆரம்பித்தேன் என்று இன்றுவரை தெரியாது.

"உன் பேரு போட்டிருக்கு மாப்ள."

அவர் இடுக்கியைத் துணி மேல் நேராக வைத்தார். பிறகு, "கையக் கழுவிட்டு வா" என்றார்.

ஃபிரிட்ஜின் மேல்தட்டில் இருபது நிமிடம் வைத்தோம். குளிர்ந்தால் அந்த பிளாஸ்டிக் விறைக்கும், பிடி விடும். லேமினேஷன் தப்பாக விழுந்தால் நான் செய்யும் வேலைதான். அந்த இருபது நிமிடமும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்காருவதுபோல என்று எழுதலாம். அங்கேயும் அவர் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்; நான் பக்கத்தில் இருந்தேன்.

மூன்று பக்கமும் பிளேடால் வெட்டினேன். ஒரு மூலையைத் தூக்கி, உள்ளே தையல் நூலை விட்டு, மெதுவாக இழுத்தேன்.

"முனைய மடக்காத."

"இல்ல அத்தான்."

"அவசரப்படாத."

"இல்ல."

"மூச்சு விடாத அது மேல."

"நீங்கதான் அத்தான் விடுறீங்க."

பிளாஸ்டிக் விரல் விரலாக உரிந்து வந்தது. நோட்டு கிழியவில்லை. ஒரு நார்கூடப் போகவில்லை. என் தொழில் வாழ்க்கையிலேயே நான் செய்த சுத்தமான வேலை அதுதான்.

நோட்டை மடிப்புப் பிரித்து விளக்குக்குக் கீழே வைத்தார். டிராக்டர் இருந்தது. நம்பர் இருந்தது, நேற்று அடித்ததுபோல. அச்சு மைக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளைப் பகுதி வெள்ளையாக இருந்தது.

நீலம் முழுக்க பிளாஸ்டிக்கில் இருந்தது. தண்ணீரில் மை சொட்டினால் பரவுமே, அப்படி. உள்ளறையிலிருந்து அக்காவின் கைக்கண்ணாடியை எடுத்துவந்து, பிளாஸ்டிக்கை அதில் காட்டிப் பார்த்தார். கண்ணாடியிலும் நீல மேகம்தான். விளக்கைப் படுக்க வைத்து, பேனா அழுத்திய தடமாவது நோட்டில் இருக்கிறதா என்று பக்கவாட்டு வெளிச்சத்தில் தேடினார். பூதக்கண்ணாடி வைத்தார். விரல் நுனியால் தடவினார், கையுறை இல்லாமல். நான் பார்த்து முதல் தடவையாக ஒரு நோட்டைக் கையுறை இல்லாமல் தடவினார். அக்கா அழுத்தி எழுதுகிறவள் இல்லை.

"ஸ்கேன் பண்ணிப் பாக்கட்டுமா அத்தான்? கலரைப் பிரிச்சு..."

"வேணாம்."

"நான் குடுத்திருக்கக் கூடாது. எனக்குத் தெரியும், அந்தக் கவர்..."

"எனக்குத் தெரியாதா?" என்றார். "தெரிஞ்சுதானே என் நோட்டுக்கு ஆகாதுன்னு அடுப்படிக்கு அனுப்பினேன்."

அவளுடைய குரலில் சொல்லிப் பார்ப்பதுபோல, தணிந்து சொன்னார்: "அஞ்சு மணிக்கு பஸ் ஸ்டாப்புல நிப்பேன்." பிறகு என்னைப் பார்த்தார். "'நிப்பேன்'னு எழுதியிருந்தாளா, 'இருப்பேன்'னு எழுதியிருந்தாளா மாப்ள?"

நூறு தடவை கேட்ட கதை. எனக்கும் சட்டென்று உறுதியாகச் சொல்ல வரவில்லை. "நிப்பேன்" என்றேன். அவர் தலையாட்டினார், நம்பாமல்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடை மாடியில் பேரவை கூடியது. பதினோரு பேர் இப்போது ஏழு. டீ கடையிலிருந்து வந்தது. முன்பெல்லாம் அக்கா பிளாஸ்கில் கொண்டுவருவாள். பாதுகாப்பான ஆல்பங்கள் பற்றிய வருடாந்தர உரை உண்டா என்று செயலாளர் கேட்டார். "இல்ல" என்றார் தலைவர். ஆல்பத்தைத் திறந்து முதல் பக்கத்தை நடுவில் வைத்தார்.

எங்கள் கூட்டத்தில் எந்த நோட்டு வந்தாலும் முதலில் பார்ப்பவர் பூதக்கண்ணாடி. அவருக்குப் பெயரே அதுதான். ரிட்டயர்டு நில அளவையர். பழக்கதோஷத்தில் லென்ஸை எடுத்து, நோட்டின் மேல் குனிந்து, வழக்கமான ராகத்தில் ஆரம்பித்துவிட்டார். "மூலை நாலும் இருக்கு. நடுவுல ஒரு மடிப்பு. கிழிசல் இல்ல. லேசா பிசுபிசுப்பு. எழுத்து..."

நிறுத்தினார். டிராக்டரைப் பார்த்தார். எது என்று புரிந்துவிட்டது. லென்ஸைத் தூக்காமல் அப்படியே குனிந்திருந்தார்.

"சொல்லுங்க" என்றார் தலைவர்.

"எழுத்து இல்ல தலைவரே."

"கறை?"

"இல்ல."

"அப்போ விதி நாலு தடுக்காது. எழுதிக்கங்க."

செயலாளர் எழுதினார், 'ஏற்கத் தகுதியுண்டு' என்று. யாரும் டீயைத் தொடவில்லை. லாரி டிரைவர் குரலில் சொல்வதற்கு ஆளும் இல்லை. விதியை நீக்கும் தீர்மானத்தை நான் ஏழு நகல் எடுத்து வைத்திருந்தேன். அது என் பையிலேயே இருந்தது.

ஆல்பத்தை மூடுவதற்காக அவர் குனிந்தபோது சட்டைப் பையில் பார்த்தேன். அந்தப் பழைய பிளாஸ்டிக் துண்டு, நீலப் பக்கம் நெஞ்சைப் பார்த்தபடி. உடம்புச் சூட்டில் அது இன்னும் வேகமாகக் கெடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பையோரம் சட்டைத் துணியில் எண்ணெய்க் கறை இறங்கியிருந்தது.

படியிறங்கும்போது அந்த நூறு உறைப் பெட்டியை என்னிடம் கொடுத்து, பிடித்துக்கொள்ளச் சொன்னார். அதில் இன்னும் பதினாறு உறைகள் இருந்தன.